ஒற்றைப் பெர்ல் கோப்பில் ஒரு வலைப்பதிவு: பிளாசம் நிறுவும் முறை

சொந்த சர்வரில் வலைப்பதிவு தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது வேர்ட்பிரஸ் வாசலில்தான். அதற்கு பிஎச்பி வேண்டும், தரவுத்தளம் வேண்டும், ஓயாமல் மேம்படுத்தல்கள் வேண்டும். மாதம் இரண்டு பதிவு எழுத இவ்வளவு தளவாடம் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பிளாசம் என்பது ரேல் டோர்ன்ஃபெஸ்ட் 2002-03இல் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு. தரவுத்தளம் கிடையாது, நிர்வாகப் பக்கம் கிடையாது, உள்நுழைவுப் பெட்டியும் கிடையாது. ஒரு கோப்புறையில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் உரைக்கோப்புகளைத் தேடி எடுத்து, புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கி, வலைப்பக்கமாக்கி அனுப்பும். அதோடு அதன் வேலை முடிந்தது. 2005க்குப் பிறகு ஒரு தன்னார்வக் குழு இதைப் பராமரித்தது. கடைசிப் பதிப்பான 2.1.2 வெளிவந்தது 2008இல். இவ்வளவு பழையதா என்று முகம் சுளிக்க வேண்டாம். இது சார்ந்திருக்கும் பொருள்கள் மிகக் குறைவு என்பதால் உடைவதற்கும் அதிகமாக ஒன்றும் இல்லை.

உலாவியிலேயே எழுத வேண்டும், படங்களை இழுத்துப் போட வேண்டும், வாசகர்கள் கருத்துரை இட வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. டெர்மினலில் நானோ, விம் போன்ற உரைத்திருத்தி ஒன்றைத் திறந்து எழுதத் தயங்காதவர்களுக்கு ஏற்றது. யூனிக்ஸ் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பொருளை நான் பார்த்ததில்லை. இங்கே கோப்பின் பெயர், கோப்புறையின் இடம், அனுமதி, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகிய நான்கும்தான் வலைப்பதிவே. இந்த நான்கில் எதைத் தவறாக வைத்தாலும் பக்கத்தில் உடனே தெரிந்துவிடும்.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டல் குழப்பக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். முதலாவது, இந்த நிரலின் பெயரே: பி, எல், ஓ, எஸ், எக்ஸ், ஓ, எம். நடுவில் எக்ஸ் வருவதைக் கவனியுங்கள்.

முன்தேவைகள்

டெபியன் அல்லது உபுண்டு ஓடும் ஒரு சிறிய சர்வர், அதில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரின் டெர்மினலைத் திறக்கும் முறை) வழியாக நுழையும் வசதி, நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் சூடோ அனுமதி ஆகியவை இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். வலை வழங்கியாக அப்பாச்சியையே பரிந்துரைக்கிறேன். என்ஜின்எக்ஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் சிஜிஐ நிரல்களை, அதாவது ஒவ்வொரு வருகையின்போதும் வழங்கி ஓட்டி விடையைப் பக்கமாக அனுப்பும் பிளாசம் போன்ற நிரல்களை, நேரடியாக ஓட்ட அதற்குத் தெரியாது. எஃப்சிஜிஐராப் என்ற இடைத்தரகரை வைத்து ஓட்டலாம் என்றாலும், புதியவர்களுக்கு அது வீண் சுமை.

முதல் கட்டளை:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் அப்பாச்சி2 லிப்சிஜிஐ-பிஎம்-பெர்ல்

பெர்ல் சர்வரில் ஏற்கெனவே இருக்கும். பிறகு அந்த இரண்டாவது பொதி எதற்கு? பிளாசம் வெளிவந்த காலத்தில் சிஜிஐ.பிஎம் என்ற நிரல்கூறு பெர்லுடனேயே வந்தது. 2015இல் வந்த பெர்ல் 5.22இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அவற்றை அப்படியே பின்பற்றினால் 500 என்ற பிழைப்பக்கத்தைத் தவிர வேறு எதுவும் வராது.

அடுத்து அப்பாச்சியில் சிஜிஐ வசதியை இயக்கி, அதை மறுபடி தொடங்க வேண்டும்:

சூடோ ஏ2என்மாட் சிஜிஐ
சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2

முதல் கட்டளையின் பெயர் ஏ, 2, இ, என், எம், ஓ, டி. இடையில் இடைவெளி இல்லை.

நேர மண்டலத்தையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் எழுதும் பதிவு, அந்தக் கணக்கில் முந்தைய நாள் இரவு 10.30க்கு எழுதியதாகப் பதிவாகும். தேதியையே ஒரு நாள் தள்ளிக் காட்டும். டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் என்ற கட்டளையோடு ஏசியா/கொல்கத்தா அல்லது ஏசியா/கொழும்பு என்று கொடுங்கள். இந்த இரு பெயர்களிலும் சாய்கோட்டுக்கு முன்னும் பின்னும் வரும் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

பதிவுகளுக்கு ஓர் இடம்

பதிவுகளை எங்கே வைப்பது என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் வைக்க ஆசை வரும். வேண்டாம். உபுண்டு 21.04 முதல் வீட்டுக் கோப்புறைகளை மற்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி 750 என்ற அனுமதியோடுதான் உருவாக்குகிறது. அப்பாச்சி உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனரால் உள்ளே நுழையவே முடியாது என்பதால் வலைப்பதிவு வெறுமையாகத் திறக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. புதியவர்களை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும் சிக்கல் இது.

வலைவழங்கியின் பொதுக் கோப்புறைக்குள்ளும் வைக்காதீர்கள். முடிக்காத வரைவுகளை எவரும் நேரடி முகவரி கொடுத்துப் படித்துவிடலாம். இரண்டுக்கும் வெளியே, எஸ்ஆர்வி என்ற கோப்புறைக்குள் வைப்பது நல்லது:

சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/பிளாக்
சூடோ சிஹெச்ஓன் உங்கள்-பயனர்பெயர் /எஸ்ஆர்வி/பிளாக்

இப்போது அந்தக் கோப்புறைக்கு உரிமையாளர் நீங்கள். அப்பாச்சிக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை தேவையில்லை, தரவும் கூடாது. கோப்புறைகளுக்கு 755 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் நுழைந்து படிக்கலாம்), உரைக்கோப்புகளுக்கு 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலைத் திறந்து திருத்துதல்

சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் பிளாசம் கிடைக்கிறது. 2.1.2 பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் 2.0 பதிப்பை எடுக்காதீர்கள். முகவரியில் வரும் ஃபிளேவ் என்ற மதிப்பின் வழியாக அந்நியர் நிரல்வரிகளைப் பக்கத்துக்குள் நுழைக்கும் ஓட்டை ஒன்று 2.1.2இல்தான் அடைக்கப்பட்டது. தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்துக் குறியாக்கத்தைத் தனியாகக் குறிப்பிடும் வசதி 2.0இல் இல்லை.

கோப்பைத் திறந்தால் முதல் திரையிலேயே நீங்கள் மாற்ற வேண்டிய வரிகள் வரிசையாக இருக்கும். டாலர் குறியில் தொடங்கும் பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு, கடைசியில் அரைப்புள்ளி. பிளாக்_டைட்டில் வரியில் வலைப்பதிவின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். பிளாக்_லாங்வேஜ் வரியில் இஎன் என்றிருப்பதை டிஏ (தமிழ் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் இரண்டு எழுத்துகள்) என்று மாற்றுங்கள். பிளாக்_என்கோடிங் வரியில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது டேட்டாடிர் வரி. அதில் மேக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடிய, லைப்ரரி என்று தொடங்கும் பாதை இருக்கும். நிரலாசிரியர் மேக்கில் எழுதியதன் தடயம் அது. அதை அழித்துவிட்டு /எஸ்ஆர்வி/பிளாக் என்று போடுங்கள். கடைசியில் சாய்கோடு வேண்டாம். நம்_என்ட்ரீஸ் வரியில் 40 இருக்கும். முதல் பக்கத்தில் 40 பதிவுகளைக் கொட்டினால் படிப்பவர் ஓடிவிடுவார். 10 போதும்.

விளக்க வரியில் மின்னஞ்சல் முகவரி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். இரட்டை மேற்கோளுக்குள் அட் குறி வந்தால், அதைத் தொடரும் சொல்லைப் பெர்ல் தன் மாறி ஒன்றின் பெயராக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். அட் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள்.

விண்டோஸ் கணினியில் திருத்தி ஏற்றுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் வரி முடிவில் கூடுதலாக ஒரு மறைகுறியைச் சேர்க்கும். கோப்பின் முதல் வரியில் உள்ள பெர்லின் பாதையோடு அது ஒட்டிக்கொண்டால், கண்ணெதிரே இருக்கும் பெர்லைக் காணவில்லை என்று சர்வர் சாதிக்கும். சர்வரிலேயே நானோவில் திருத்துவது எளிது.

திருத்தி முடித்ததும் ஒரு சோதனை:

பெர்ல் -சி பிளாசம்.சிஜிஐ

சின்டாக்ஸ் ஓகே என்று வந்தால் மேற்கோளும் அரைப்புள்ளியும் சரி. பிறகு இடத்தில் வையுங்கள்:

சூடோ சிபி பிளாசம்.சிஜிஐ /யூஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின்/
சூடோ சிஹெச்எம்ஓடி 755 /யூஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின்/பிளாசம்.சிஜிஐ

777 கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். எவரும் எழுதலாம் என்று திறந்துவிடுவது ஆபத்து. போதாக்குறைக்கு, பகிர்வு வழங்கிகளில் இருக்கும் சூஎக்ஸெக் என்ற காவல் ஏற்பாடு, பிறரால் எழுதக்கூடிய நிரலை ஓட்டவே மறுத்துவிடும்.

முதல் பதிவு

/எஸ்ஆர்வி/பிளாக் கோப்புறைக்குள் மழை என்பதை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்து, டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பை உருவாக்குங்கள். முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரியிலிருந்து பதிவு. சேமித்துவிட்டு, உங்கள் தள முகவரியோடு /சிஜிஐ-பின்/பிளாசம்.சிஜிஐ என்று சேர்த்து உலாவியில் திறந்தால் பதிவு தெரிய வேண்டும். வெளியிடு என்ற பொத்தான் எங்கே என்று தேட வேண்டாம். சேமித்ததே வெளியீடு.

தெரியவில்லையா? 500 என்று வந்தால் ஊகிப்பதை விட்டுவிட்டு லாக் கோப்பைப் படியுங்கள்:

சூடோ டெயில் /வார்/லாக்/அப்பாச்சி2/எர்ரர்.லாக்

சிஜிஐ.பிஎம் கிடைக்கவில்லை என்றிருந்தால் முதல் கட்டளையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பெர்மிஷன் டினைட் என்றிருந்தால் 755 விடுபட்டிருக்கிறது. 404 வந்தால் கோப்பு தவறான இடத்தில் இருக்கிறது. பக்கம் திறந்து தலைப்பும் தெரிந்து பதிவு மட்டும் இல்லையென்றால், டேட்டாடிர் பாதையையும் உரைக்கோப்பின் அனுமதியையும் பாருங்கள். நிரலே எழுத்தாக உலாவியில் கொட்டினாலோ, பதிவிறக்கமாக வந்தாலோ, சிஜிஐ வசதி அந்தக் கோப்புறைக்கு இயங்கவில்லை என்று பொருள்.

பதிவு வந்துவிட்டது, ஆனால் பத்திகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம், நீங்கள் எழுதுவதை வலைப்பக்கக் குறிமொழியான ஹெச்டிஎம்எல் என்றே பிளாசம் நினைக்கிறது. பத்திக்குப் பத்தி குறிச்சொல் போடலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எளிய குறிகளோடு எழுதிய உரையை ஹெச்டிஎம்எல்லாக மாற்றும் மார்க்டவுன் நிரலை 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்டார். பிளாசத்தின் செருகுநிரலாகவும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரலாகவும்) இயங்கும்படியே அது எழுதப்பட்டது. இன்று உலகமெங்கும் பயன்படும் மார்க்டவுனின் மூல நிரல் அதுதான். செருகுநிரல்களுக்கு /எஸ்ஆர்வி/பிளக்இன்ஸ் என்று ஒரு கோப்புறையை உருவாக்கி, அந்தப் பாதையைப் பிளக்இன்_டிர் வரியில் எழுதுங்கள். மார்க்டவுன்.பிஎல் கோப்பை அதில் போட்டு, பின்னொட்டை நீக்கி மார்க்டவுன் என்று மட்டும் பெயரிடுங்கள். முதல் எழுத்து பெரிய எழுத்து. பெயரில் புள்ளி இருந்தால் பிளாசம் அந்தக் கோப்பைச் சட்டை செய்யாது. ஒரு செருகுநிரலை நிறுத்தி வைக்க அதன் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்தால் போதும்.

தேதி என்னும் தலைவலி

பிளாசத்தின் அழகும் இங்கேதான், ஆபத்தும் இங்கேதான். பதிவின் தேதி எங்கும் எழுதப்படுவதில்லை. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரமே பதிவின் தேதி. மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பதிவில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திச் சேமித்தால், அந்தப் பதிவு இன்று எழுதியதாக முதல் பக்கத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தப்பிக்க ஒரு வழி, திருத்துவதற்கு முன் நேரத்தைக் காப்பாற்றி வைப்பது. மழை கோப்பைத் திருத்தப் போகிறீர்கள் என்றால்:

சிபி -பி மழை.டிஎக்ஸ்டி /டிஎம்பி/பழையது
நானோ மழை.டிஎக்ஸ்டி
டச் -ஆர் /டிஎம்பி/பழையது மழை.டிஎக்ஸ்டி

சிபி கட்டளையோடு வரும் -பி (பெர்ல் என்பதன் முதல் ஆங்கில எழுத்து), நகலுக்கும் பழைய நேரத்தையே தருகிறது. டச் கட்டளையோடு வரும் -ஆர், அந்த நகலின் நேரத்தை எடுத்துத் திருத்திய கோப்புக்கு இடுகிறது. நகலைப் பதிவுக் கோப்புறைக்குள் டிஎக்ஸ்டி பின்னொட்டோடு வைத்துவிடாதீர்கள், அதுவும் ஒரு பதிவாகத் தோன்றும்.

எல்லாப் பதிவுகளுக்கும் இப்படிச் செய்வது அலுப்பு என்றால், என்ட்ரீஸ்_இண்டெக்ஸ் என்ற செருகுநிரல் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் முதன்முதலில் பார்க்கும்போது அதற்கு இருந்த திருத்த நேரத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பின் நடக்கும் திருத்தங்களைப் பொருட்படுத்தாது. குறித்துவைக்க அதற்கு ஓர் இடம் வேண்டும். பிளக்இன்_ஸ்டேட்_டிர் வரியில் சொல்லும் கோப்புறையை உருவாக்கி, அதற்கு மட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரை உரிமையாளராக்குங்கள். அப்பாச்சிக்கு எழுதும் உரிமை தரலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். டச் கட்டளையோடு -டி (டச் என்பதன் முதல் ஆங்கில எழுத்து) சேர்த்து, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று 12 இலக்கங்களை ஒட்டிக் கொடுத்தால், கோப்பு அந்த நேரத்துக்குரியதாகிவிடும். பழைய நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து உரிய தேதியில் ஏற்றலாம். வருங்காலத் தேதி கொடுத்தால், அந்த நேரம் வரும்வரை பிளாசம் பதிவை மறைத்து வைத்திருக்கும். பொங்கலன்று காலை 6 மணிக்கு வெளிவர வேண்டிய பதிவை ஒரு வாரம் முன்பே எழுதிவைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம்.

சர்வர் மாற்றும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் போட்டு, புதிய சர்வரில் இறக்கினால் எழுத்து எல்லாம் பத்திரமாக வரும், தேதிகள் எல்லாம் போய்விடும். கிட் கோப்பின் நேரத்தைச் சேமிப்பதில்லை. இறக்கிய கணமே எல்லாப் பதிவுகளுக்கும் தேதி. சர்வருக்குச் சர்வர் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை -ஏ சேர்த்துப் பயன்படுத்துங்கள், அல்லது டார் கோப்பாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். இரண்டும் நேரத்தைக் காக்கும். காப்புப் படிகளுக்கும் இதே விதி.

பெயரிடுவதில் கட்டுப்பாடு

கோப்புறையே பதிவின் வகை. பயணம் என்பதை ஆங்கில எழுத்தில் பெயராகக் கொண்ட உட்கோப்புறையில் போட்ட பதிவுகளெல்லாம் அந்த வகை. முகவரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் அவை மட்டும் வரும். ஆனால் முகவரியைப் பிரித்துப் படிக்கும்போது, ஆங்கில எழுத்தில் தொடங்கும் பகுதியை மட்டுமே பிளாசம் கோப்புறையாகக் கருதுகிறது. எண்ணில் தொடங்கினால் ஆண்டு, மாதம், நாள் என்று எடுத்துக்கொள்ளும். 2024/01 என்று முடியும் முகவரி அந்த மாதத்துப் பதிவுகளைத் தருவது இதனால்தான். ஆகவே தமிழில் பெயரிட்ட கோப்புறைகள் வகையாக இயங்கா. நம்மைப் போன்றவர்களுக்கு இது குறைதான். பெயரை ரோமன் எழுத்தில் வைத்துவிட்டு, பக்கத்தின் மேற்பகுதியில் இணைப்புகளைத் தமிழில் காட்டுவதே நடைமுறை வழி. இண்டெக்ஸ் என்ற பெயரில் பதிவு எழுதாதீர்கள், பிளாசம் அதைத் தவிர்த்துவிடும்.

தோற்றம்

பக்கத்தின் தோற்றத்தை ஹெட், டேட், ஸ்டோரி, ஃபுட் என்ற நான்கு வார்ப்புருக்கள் தீர்மானிக்கின்றன. ஹெச்டிஎம்எல் பின்னொட்டோடு அவற்றைப் பதிவுக் கோப்புறையிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் நிரலுக்குள் இருக்கும் மொட்டையான வடிவம்தான் வரும். உட்கோப்புறையில் வேறொரு ஹெட் கோப்பு இருந்தால் அந்த வகைக்கு மட்டும் அது செல்லும். கிழமையும் மாதமும் ஆங்கிலத்தில் வருவது பிடிக்கவில்லையென்றால், டேட் வார்ப்புருவில் டாலர் குறியோடு டிஏ (டே என்பதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள்), எம்ஓ_நம், ஒய்ஆர் ஆகிய மூன்றை மட்டும் போட்டு, நாள்-மாதம்-ஆண்டு என எண்களில் காட்டுங்கள்.

முகவரியில் சிஜிஐ-பின் தெரிவது உறுத்தினால், அப்பாச்சியின் தள அமைப்புக் கோப்பில் ஸ்கிரிப்ட்அலையஸ் என்ற வரியைச் சேர்த்து, /பிளாக் என்ற முகவரியை நிரலின் முழுப்பாதையோடு இணையுங்கள். பிறகு நிரலின் யூஆர்எல் வரியில் புதிய முகவரியை முழுமையாக எழுதுங்கள். அதை மறந்தால் பதிவுகளுக்கான இணைப்புகள் பழைய முகவரியையே காட்டக்கூடும்.

நிலைப் பக்கங்களாக மாற்றுதல்

ஒவ்வொரு வருகையின்போதும் பிளாசம் எல்லாக் கோப்புகளையும் மறுபடி எண்ணிப் பார்க்கிறது. நூறு பதிவு வரை கவலையில்லை. ஆயிரக்கணக்கில் போனால் மெதுவாகும். அதற்கு மாற்று, பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது. ஸ்டேட்டிக்_டிர் வரியில் வலைவழங்கியின் பொதுக் கோப்புறையைக் கொடுங்கள், ஸ்டேட்டிக்_என்ட்ரீஸ் வரியை 1 ஆக்குங்கள், ஸ்டேட்டிக்_பாஸ்வேர்ட் வரியில் ஒரு சொல்லை வையுங்கள். பிறகு:

பெர்ல் பிளாசம்.சிஜிஐ -பாஸ்வேர்ட்='அந்தச்-சொல்' -ஆல்=1

பொதுக் கோப்புறையில் எழுதும் உரிமை உங்கள் பயனருக்கு இருக்க வேண்டும். இந்தக் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் மணிக்கு ஒருமுறை ஓடும்படி போட்டுவிட்டால், வருங்காலத் தேதியிட்ட பதிவுகளும் நேரத்துக்கு வெளிவரும். -ஆல்=1 இல்லாமலும் ஓடும். அப்போது, ஏற்கெனவே உருவான பக்கத்தைவிடப் புதிய நேரம் கொண்ட கோப்புகளை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். டச் கட்டளையால் பின்தேதியிட்ட பதிவுகள் விடுபட்டுப் போகும். பதிவு ஒன்றை நீக்கினால், அதற்காக முன்பு உருவான பக்கம் பொதுக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். பிளாசம் எதையும் அழிப்பதில்லை, அதை நீங்களேதான் ஆர்எம் கொடுத்து அழிக்க வேண்டும்.